முயலுக்கு எந்த நாய்க்குட்டி? வன்னிக் காட்டுக்கும் தரவைக்கும் ஏற்ற தேர்வு

வன்னியில் முயலுக்கென்று ஒரு குட்டி எடுக்க நினைப்பவருக்கு இன்று நாலு வழி இருக்கிறது. ஊரில் வேட்டைக்குப் போய்வருகிற ஒரு தாய் நாயின் குட்டியை எடுக்கலாம். கொழும்பில் விற்கிற பீகிள் குட்டியை வாங்கலாம். கன்னி, சிப்பிப்பாறை, கிறேஹவுண்ட் என்று பெயர் சொல்லி வருகிற நெட்டைக்கால் நாயைத் தேடலாம். இல்லையென்றால் வேறு யாரோ பாதி பழக்கிய ஒரு வயது நாயைக் காசு கொடுத்து எடுக்கலாம். நாலுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேரும் தங்கள் நாயைப் போல நாய் கிடையாது என்றுதான் சொல்வார்கள்.

என் கணக்கு கொஞ்சம் வேறு. வேகம், மோப்பம், குரல் எல்லாம் பிறகு. முயலை முன்னுக்கு விட்டுக்கொண்டு ஓடுகிற நேரத்தில் கூப்பிட்டால் இந்த நாய் திரும்பி வருமா? அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மற்ற இடங்களில் இது ஒரு நல்ல பழக்கம், அவ்வளவுதான். வன்னியில் நாயின் உயிரும் சில வேளை உங்கள் உயிரும் இதில்தான் தங்கியிருக்கின்றன.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டுப் பக்கங்களில் காட்டோரம் யானை நடமாடுகிற இடம். யானையைக் கண்ட நாய் குரைத்துக்கொண்டு கிட்டப் போகும். யானை திரும்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடும்? தன்னை வளர்த்தவரிடம்தான். நாய் உங்கள் காலுக்குள் பூந்து அந்தப் பக்கம் போய்விடும். பின்னால் வருகிற யானைக்கு முன்னால் நிற்பது நீங்கள். கரடியிலும் இதே கதைதான்.

அடுத்தது கம்பி. பன்றிக்குக் கட்டின சுருக்கு, வயலைச் சுற்றிக் களவாக இழுத்த மின்சாரக் கம்பி, ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி வைத்த கட்டுத்துவக்கு, தீனிக்குள் மறைத்து வைத்த வெடி. இவற்றில் ஒன்றுக்காவது நாயைப் பறிகொடுக்காத வேட்டைக்காரர் வீடு அருமை. 2009 இல் சண்டை முடிந்தும் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டு போகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நாய்க்கு விளங்காது. நாய் உள்ளே போய்விட்டதே என்று பின்னால் கால் வைக்கிற ஆளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

சட்டத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சுண்டிக்குளமும் மடு வீதிக் காடும் 2015 இல் தேசியப் பூங்காக்களாகின. கொக்கிளாய், கட்டுக்கரைக் குளம், வங்காலை ஆகியவை சரணாலயங்கள். இந்த எல்லைகளுக்குள் எந்த வேட்டையும் குற்றம். மானும் மரையும் அழுங்கும் எங்கே நின்றாலும் தொடக்கூடாதவை. உங்கள் காணி எந்த எல்லைக்குள் வருகிறது, அங்கே எதற்கு அனுமதி உண்டு என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுவிட்டுத்தான் நாயைப் பற்றி யோசிக்கவேண்டும். கச்சானையும் பயற்றையும் முயல் தின்கிறது, அதை விரட்டினால் போதும் என்பவருக்கும் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். விரட்டுகிற நாய்க்கும் பிடிக்கிற நாய்க்கும் முதல் ஆறு மாதப் பழக்கம் ஒன்றுதான்.

எந்த முயல்?

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து நாய் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே பெரும்பாலும் காட்டுவது சின்ன வட்டத்துக்குள் சுற்றித் திரிந்து, நெருக்கினால் வளைக்குள் பூந்துவிடுகிற முயல். வன்னியில் அந்த முயலே இல்லை. நம்மிடம் உள்ளது பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள காட்டு முயல். தனியாகத் திரியும். வளை தோண்டாது. பகலில் புல்லுக்குள்ளோ சூரைப் பற்றைக்கு அடியிலோ தன் உடம்பளவுக்கு ஒரு குழிவு அமைத்துப் படுத்திருக்கும். கிட்டத்தட்ட மிதிபடுகிற வரைக்கும் அசையாது. எழும்பிவிட்டால் காலையும் தந்திரத்தையும் நம்பி ஓடும்.

தந்திரம் என்று சும்மா சொல்லவில்லை. விடியப்புறம் வயலில் நின்று பார்த்தால் தெரியும். முயல் வரம்பு வழியே நேராக ஓடும். நாய் கொஞ்சம் பின்தங்கியதும் நின்று, வந்த அடியிலேயே சில பாகம் திரும்பி வரும். பிறகு பக்கவாட்டில் ஒரே பாய்ச்சல். அடுத்த வயல் துண்டுக்குள் விழுந்து, காதை முதுகோடு ஒட்டி, அமுங்கிப் படுத்துவிடும். இளம் நாய் மணத்தின் மேல் ஓடிப்போய் வரம்பு முடிகிற இடத்தில் நின்று முழிக்கும். நாலு பக்கமும் பார்க்கும், உங்களையும் பார்க்கும். வேலை தெரிந்த நாய் அப்படி நிற்காது. மணம் அறுந்த இடத்துக்கே திரும்பி வந்து, மூக்கை நிலத்தில் வைத்தபடி சின்ன வட்டம், பிறகு பெரிய வட்டம் என்று சுற்றும். குட்டி வளர்க்கிறவர் எதிர்பார்க்கவேண்டியது அந்த வட்டத்தைத்தான். அதற்கு மூக்கு வேண்டும், பொறுமை வேண்டும். காலின் வேகம் மூன்றாவதாகத்தான் வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாய்களைப் பார்ப்போம்.

பீகிள்

இங்கிலாந்தில் முயலுக்கென்றே வளர்த்தெடுத்த நாய். பதின்மூன்று முதல் பதினைந்து அங்குல உயரம், தொங்கு காது, அபாரமான மூக்கு. மணத்தில் விழுந்ததும் நீட்டி ஊளையிட்டுக்கொண்டே போகும். எங்கே நிற்கிறது என்று தேடவேண்டியதில்லை. மூக்கை மட்டும் வைத்துப் போட்டி வைத்தால் இந்தப் பட்டியலில் எதுவும் கிட்ட நிற்காது.

ஆனால் பீகிள் முயலைப் பிடிக்கிற நாயல்ல. மெதுவாக விடாமல் துரத்தி, முயலைச் சுற்றவைத்து, துவக்கோடு காத்திருக்கிற ஆளிடம் கொண்டுவருகிற நாய். அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? துவக்கு இல்லாதவருக்குப் பீகிளின் வேலை பாதியில் நின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், மணம் பிடித்த பீகிளுக்குக் காது கேட்காது என்று வளர்ப்பவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். வேலி போட்ட தோட்டத்தில் அது பகிடி. நெடுங்கேணிக் காட்டோரத்தில் அது பகிடியல்ல. மாரியில் அந்தத் தொங்கு காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். கோடையில் காது மடலின் உட்புறம் உண்ணி ஏறும். கிழமைக்கு இரண்டு தடவை காதைத் திறந்து பார்க்கப் பொறுமை இருந்தால் யோசியுங்கள். வீட்டில் பிள்ளைகளோடு விளையாட ஒரு நாய், இடைக்கிடை தோட்டத்தில் முயல் விரட்டவும் வேண்டும் என்றால் பீகிள் நல்ல தேர்வுதான். அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

கன்னி, சிப்பிப்பாறை, கிறேஹவுண்ட்

இவை கண்ணால் பார்த்து ஓடுகிற நாய்கள். ஒடுங்கின வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால். கன்னியும் சிப்பிப்பாறையும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம், முயலுக்கென்று வளர்த்த சாதிகள். அங்கே 1972 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காட்டு விலங்கு வேட்டைக்குத் தடை இருப்பதால் இப்போது காவலுக்கும் கண்காட்சிக்கும்தான் அதிகம் வளர்க்கிறார்கள்.

வெட்டவெளியில் இந்த நாயை ஒன்றும் வெல்லாது. பூநகரித் தரவையிலோ (பற்றையில்லாத புல்வெளி) மன்னார்ப் பக்கத்துத் திறந்த வெளியிலோ முயல் எழும்பி ஓடினால், நாய் நிலத்தோடு நிலமாக நீண்டு போகிறதைப் பார்ப்பதற்கே ஒரு தனி ஆசை வரும். அந்த ஆசையில்தான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் நம் காணிகளில் தரவை எவ்வளவு, பற்றை எவ்வளவு? முயல் காரைப் பற்றைக்குள் பூந்து கண்ணுக்கு மறைந்ததும் இந்த நாய்க்கு வேலை முடிந்தது. தோல் மெல்லியது, சூரை முள்ளும் முட்கம்பி வேலியும் கத்தியால் கீறினது போலக் கிழித்துவிடும். மங்கல் வெளிச்சத்தில் முழு வேகத்தில் கம்பியில் மோதினால் தையலோடு போகாது. உடம்பில் கொழுப்பில்லாததால் மாரிக் குளிரில் சாக்கு விரித்து ஒதுக்கிடம் கொடுக்கவேண்டும். கோடையில் ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மூச்சு அடங்க நேரம் எடுக்கும்.

கிறேஹவுண்ட் என்றும் ராஜபாளையம் என்றும் ஊரில் கைமாறுகிறவற்றில் கலப்புத்தான் அதிகம். அது குற்றமில்லை, விலையை மட்டும் அதற்கேற்பப் பேசவேண்டும். ராஜபாளையம் முயல் நாயைவிடக் காவல் நாய். வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு; வாங்குமுன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து நாய் கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தாளும் தடுப்பூசி அட்டையும் இல்லாத குட்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். விசர் நோய் மலிவில் வரக்கூடாது.

பாதி பழகிய நாய்

அவசரக்காரருக்கு இது இனிக்கும். குட்டி வளர்க்கிற ஒரு வருடம் மிச்சம், நோய்க்குத் தப்பிய நாய், ஓடுவதைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம். எல்லாம் சரி. ஆனால் நல்ல நாயை யாரும் இலேசில் விற்கமாட்டார்கள். ஏன் விற்கிறார் என்று கேட்டால் "தீனி போடக் கட்டுப்படியாகேல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்கவேண்டும்.

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு வளவில் இப்படியொரு நாய் பார்க்கப் போனபோது பேச்சு இப்படித்தான் போனது.

"அண்ணை, நாய் ஓட்டம் எப்பிடி?"

"ஓட்டத்தைப் பற்றிக் கேக்காதை தம்பி. முயல் எழும்பினா விடாது."

"கூப்பிட்டா வருமோ?"

"ஏன் வராது, உப்பிடி ஒருக்கா சீக்காய் (விசில்) அடிச்சாப் போதும், ஓடி வரும்."

"முயலுக்குப் பின்னாலை போகேக்கை?"

கொஞ்ச நேரம் நாயைத் தடவினார். "அப்ப எப்பிடி வரும்? அது வேட்டை நாயெல்லோ."

நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அந்த நாயை அன்று எடுக்கவில்லை. ஒரு வயதுவரை தன் விருப்பத்துக்கு ஓடிப் பழகிய நாயைத் திரும்பிவரப் பழக்குவது, குட்டியிலிருந்து பழக்குவதைவிட இரண்டு மடங்கு வேலை. அதோடு மான் துரத்துகிற பழக்கம் ஏறியிருந்தால் அதை இறக்கவே முடியாது என்று வையுங்கள். பாதி பழகிய நாய் எடுப்பதானால், விற்பவரோடு ஒரு விடியற்காலை போய், ஓடுகிற நாயை அவர் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கேட்கிற காசைக் கொடுக்கலாம்.

ஊர் நாய்க்குட்டி

பெரும்பாலானவருக்கு நான் சொல்வது இதைத்தான். சாதிப் பெயர் கிடையாது. நடுத்தர உயரம், குட்டை மயிர், செம்மஞ்சளோ கறுப்போ, பாதி மடிந்த காது, வளைந்த வால். வெயிலிலும் முள்ளிலும் பிறந்து தப்பிய வம்சம் என்பதால் உடம்பு இந்த மண்ணுக்குத் தோதானது. மூக்கும் கண்ணும் இரண்டும் அளவாக உண்டு. பற்றைக்குள் மணத்தால் தேடும். வெளியில் வந்தால் கண்ணால் ஓடும். முக்கியமாக, ஆளை விட்டு அதிக தூரம் போக விரும்பாது. கொஞ்சத் தூரம் போனதும் திரும்பிப் பார்க்கிற அந்தப் புத்தி சாதி நாய்களில் அரிது. வீட்டுக் காவலும் குரங்கு விரட்டுவதும் மேலதிகம்.

குறையும் உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளே ஒன்றுபோல இருக்காது. சில நாய் சத்தமே இல்லாமல் துரத்தும், எங்கே போனது என்று தெரியாது. தகப்பன் யாரென்று பெரும்பாலும் ஊருக்கே தெரியாது. அதனால் எல்லாப் பாரமும் தாயின் மேல். தாய் வேலை செய்வதை ஒரு விடியலாவது நேரில் பார்க்காமல் குட்டி எடுக்கவேண்டாம். எத்தனை முயல் பிடித்தது என்று கேட்பதில் பிரயோசனமில்லை. அந்தத் தொகை வருடத்துக்கு வருடம் வளரும். முயல் தப்பின பிறகு தாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்து தேடுகிறதா, இல்லை நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிழலில் படுக்கிறதா? கூப்பிட்டதும் வருகிறதா? வளவுக் கோழி பக்கத்தால் போனால் தலையைத் திருப்புகிறதா?

அல்சேசன், டொபர்மன் கலந்த குட்டிகளும் கிடைக்கும். காவலுக்கு எடுங்கள், முயலுக்கு வேண்டாம்.

ஈற்றில் ஒன்றைத் தெரிவது

எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. பால் மறந்தால் போதும் என்று ஐந்து கிழமையில் தூக்குகிறார்கள். கடியின் அளவையும் மற்ற நாயோடு நடக்கிற முறையையும் குட்டி தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான் படிக்கிறது.

குட்டிகள் விளையாடுகிற இடத்தில் ஒரு தகரப் பேணியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எல்லாம் திடுக்கிடும், அதில் பிழையில்லை. திடுக்கிட்டு ஓடி, பிறகு தானாகவே வந்து பேணியை மணக்கிற குட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இறைச்சித் துண்டு ஒன்றைக் காட்டிவிட்டுச் சாக்குக்கு அடியில் வையுங்கள். கண்ணுக்கு மறைந்ததும் விட்டுப் போகிற குட்டியும் இருக்கும், மூக்கால் சாக்கைப் பிரட்டுகிற குட்டியும் இருக்கும். கடைசியாக, நீங்கள் எழும்பி நடந்து போங்கள். பின்னால் வருகிறது எது? இந்த மூன்றிலும் தேறுகிற குட்டி கிடைத்தால் நிறத்தையும் காதையும் பார்க்கவேண்டாம். ஈற்றிலேயே பெரிய, மற்றதை எல்லாம் மிதித்துக்கொண்டு முதலில் ஓடிவருகிற குட்டியில்தான் எல்லாருக்கும் கண் போகும். அது பெரும்பாலும் தன் எண்ணத்துக்கு நடக்கிற நாயாக வளரும்.

கடுவனா பெட்டையா? பெட்டை என்பேன். பெட்டைக் குட்டி என்றால் றோட்டில் கொண்டுபோய் விடுகிற ஊரில் இது எடுபடாது, ஆனாலும் சொல்கிறேன். பெட்டை வளவோடு நிற்கும், சொல்லுக் கேட்கும், கடுவன் போல அயலூர் வரைக்கும் அலையாது. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடலாம். இரண்டு குட்டியாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணை என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வளரும், உங்களைப் பார்க்காது.

பழக்குவது

முதல் இரண்டு மாதமும் கூப்பிடு ஒன்றுதான் பாடம். ஒரு சத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சீக்காய் நல்லது, காற்றிலும் தூரம் போகும், வீட்டில் எல்லாராலும் ஒரே மாதிரி அடிக்கமுடியும். சாப்பாட்டுக் கோப்பையை வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம். பிறகு வளவின் மற்ற மூலையிலிருந்து. பிறகு விளையாடிக்கொண்டிருக்கும்போது. பிறகு எதையாவது மணந்துகொண்டு நிற்கும்போது. வந்தால் ஏதாவது ஒரு வாய் கிடைக்கவேண்டும், கருவாட்டுத் துண்டு போதும். பிந்தி வந்தாலும், வேறு குழப்படி செய்துவிட்டு வந்தாலும், வந்த நாய்க்கு அடி விழக்கூடாது. அடித்தவர் என்ன நினைத்து அடித்தாலும் நாய் படிப்பது ஒன்றுதான்: வந்தால் அடி.

நாலாவது மாதத்திலிருந்து நீண்ட நைலோன் கயிறு. குட்டி இழுத்துக்கொண்டு திரியட்டும். கூப்பிட்டு வராவிட்டால் கயிற்றை மிதியுங்கள், பேசவேண்டாம். நின்றதும் திரும்பக் கூப்பிடுங்கள். இதோடு கட்டிப் பழக்குவதும் வேண்டும். நம் ஆட்கள் வேட்டை நாயைக் கட்டினால் புத்தி மங்கும் என்பார்கள். சுருக்குக் கம்பியில் மாட்டின நாயைப் பார்த்தவருக்குத் தெரியும்: கட்டிப் பழகாத நாய் கம்பியோடு சண்டை பிடித்து இறுக்கிக்கொள்ளும், கட்டிப் பழகிய நாய் இழுபட்டதும் நின்று கத்தும். வேட்டை நாயைக் கட்டிப் பழக்க இந்த ஒரு காரணமே போதும்.

கோழி, ஆடு, கன்று மூன்றையும் ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடவேண்டும். கயிற்றோடு கோழிக்குக் கிட்ட இருத்தி, பார்வையை உங்கள் பக்கம் திருப்பும்போதெல்லாம் கொடுத்தால் கோழி அலுத்துப்போகும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிடுகிற பழைய வைத்தியத்தால் நாய் நாறும், வேறொன்றும் நடக்காது.

மோப்பத்துக்கு இழுவை. முயல் தோல் துண்டு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இறைச்சி தேய்த்த சாக்குத் துண்டு. நூலில் கட்டி, விடியப்புறம் பனி காயாத புல்லில் முதலில் நேராக, பிறகு ஒரு திருப்பம் வைத்து, பிறகு திரும்பி வந்து பக்கவாட்டில் தூக்கிப் போட்டு இழுங்கள். கடைசியில் சொன்னது முயல் செய்கிற அதே வேலை. குட்டி மணத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கும்போது கையைக் காட்டி உதவக்கூடாது. தானே வட்டம் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். உதவி செய்து பழக்கிய நாய் காட்டிலும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம் எழும்பினால் இந்தப் பாடம் சூரியன் ஏறுமுன் முடியவேண்டும். காய்ந்த நிலத்தில் அந்தக் காற்று மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், குட்டி மூக்கை நம்பாமல் தலையைத் தூக்கி ஓடப் பழகும்.

மூத்த நாயோடு விட்டுப் பழக்குவதா, தனியாகவா என்பதில் ஊரில் இரண்டு கட்சி. மூத்த நாயோடு போனால் குட்டி விரைவில் விசயம் பிடிக்கும், உண்மை. ஆனால் மூத்தது உடும்பைக் கிளறினால் குட்டியும் கிளறும். மானுக்குப் பின்னால் போனால் குட்டியும் போகும். அதோடு மூத்த நாய் மணத்தைத் தீர்த்துவைக்க, குட்டி பின்னால் ஓடுவதை மட்டும் படிக்கும். முதல் முயலைக் குட்டி தனியாக எழுப்பட்டும். அதற்குப் பிறகு மூத்த நாயோடு இடைக்கிடை விடலாம். மான் துரத்தாத மூத்த நாய் உங்களிடம் இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

ரோச் லைற்றில் முயல் மலைத்து நிற்கும் என்பதால் இரவில் போகிறவர்கள் உண்டு. இளம் நாய்க்கு அது கூடவே கூடாது. வெளிச்சம் போகிற பக்கம் பார்க்கப் பழகின நாய் மூக்கைத் தூக்கிவைத்துவிடும். புடையன் பாம்பும் கட்டுத்துவக்கும் யானையும் இரவில்தான் நம் கண்ணுக்குத் தெரியாது. விடியலும், வெயில் தாழ்ந்த பின்னேரமும் போதும்.

ஏழெட்டு மாதத்தில் குறுகிய ஓட்டம் சரி. எலும்பு முற்ற ஒரு வயதாவது ஆகும். அதற்குமுன் நீண்ட துரத்தலில் விட்டால் முன்கால் வளையும், முட்டு வீங்கும். பிடித்ததைக் கொண்டுவந்தால் வாயிலிருந்து பறிக்காதீர்கள். வேறு தீனி கொடுத்து மாற்றுங்கள். பறித்தால் அடுத்த முறை பற்றைக்குள்ளேயே தின்னும். முயல் குடலைப் பச்சையாகப் போடவும் வேண்டாம். அதிலுள்ள கட்டிகளிலிருந்து நாய்க்கு நாடாப் புழு வரும்.

உடம்பு விசயத்தில் சுருக்கமாக: பார்வோ என்கிற வைரஸ் வயிற்றோட்டத்துக்கான ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மிருக வைத்தியர் சொல்கிற இடைவெளியில் நாலு மாதம் வரைக்கும் முடிக்கவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி ஊரில் இலவசமாகப் போடுகிறார்கள், வருடா வருடம் தவறக்கூடாது. நாய் சோர்ந்து, பல் முரசு வெளிறி, தீனி மறுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். போகும்போது நாய்க்கும் ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள். கோடையில் வற்றின குளத்தின் அலைகரையில் குனிந்து குடிக்கிற நாயை முதலை பார்த்துக்கொண்டிருக்கும்.

எப்போது எடுப்பது? ஆவணி, புரட்டாதியில் பிறந்த குட்டி வீட்டுக்கு வரும்போது மாரி தொடங்கிவிடும். ஈரத்தில் பூச்சியும் வயிற்றோட்டமும், வெளியில் கொண்டுபோய்ப் பழக்க நிலமும் இல்லை. மாசியில் அரிவி வெட்டு முடிகிறபோது அதற்கு ஆறு மாதம்தான். அரிதாளில் முயல் ஓடுவதைக் கண்டு நமக்குக் கை துறுதுறுக்கும், நாய்க்கு வயது காணாது. தையில் பிறந்த குட்டி பங்குனியில் வீட்டுக்கு வரும். கோடை முழுவதும் கூப்பிடும் கயிறும் இழுவையும். மாரியில் வளவோடு வளரும். அடுத்த தை பிறந்து வயல் வெட்டி முடிய அதற்கு ஒரு வயது தாண்டியிருக்கும், காலைப் பனியும் இருக்கும். தை மாதம் தாய் நாய் ஈன்றிருக்கிற வீடு ஏதென்று இப்போதே விசாரித்து, அந்தத் தாயை ஒரு விடியலில் வயலில் பார்த்துவையுங்கள். கூப்பிடச் சொல்லியும் பாருங்கள்.